ஒற்றைச் சங்கு

மணி,

படித்துறையில் இன்று காலை ஏழு படி வெளியே தெரிகிறது. போனில் பேசும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நீயும் "சரிப்பா" என்பாய். அதற்குப் பிறகு நமக்குள் பேச ஒன்றும் இருக்காது, நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அணைத் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லியே பெற்ற மகனோடு பதினாறு வருடத்தை ஓட்டிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்றைக்கும் படிக்கணக்கைச் சொல்லியாயிற்று. ஆனால் கையில் இருப்பது பேனா. அம்மாவிடம் கொடுத்துவிட்டு நழுவ முடியாது.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். போடியில் மண்டபம் பேசியாயிற்று, பெண் வீட்டார் சமையல்காரருக்குக்கூடச் சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் நீ அம்மாவிடம் போனில் சொன்ன செய்திதான் வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டது. தாலி கட்டி முடிந்ததும் ரம்யாவை அழைத்துக்கொண்டு நேராகக் கோயம்புத்தூர் போய்விடுவாயாம். பாலும் பழமும் மண்டபத்திலேயே கொடுத்துவிடலாமாம். வீட்டுக்குப் பிறகு ஒரு நாள் வருவாயாம். உன் அம்மா அல்லிநகரத்துக்காரி, சத்தம் போட்டுச் சண்டை பிடித்துவிட்டு அரை மணி நேரத்தில் மறந்துபோகிறவள். இந்த முறை அவள் சத்தமே போடவில்லை. போனை வைத்துவிட்டு, "மருமக வந்து இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாளாம். மண்டபத்துல பால் குடுக்குறதுக்கு ஆத்தா எதுக்கு, சமையக்காரரே குடுத்துருவாரு" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நீ ஏன் வர மாட்டாய் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவள் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஷாகுல் உனக்கு வாழ்த்து மடல் அடிக்கிறான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் கூட்டாளிகள் அச்சடித்து மண்டபத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்களே, அதேதான். நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பழைய படங்கள், யாரும் உன்னை ஒருநாளும் கூப்பிடாத பட்டப்பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நடுப்பக்கம் இரண்டையும் எனக்காக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே இந்தக் கடிதம் வரவேண்டும். மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இதைப் படிக்க வேண்டும். முதலில் உனக்கு அனுப்புகிறேன். நீ சரி என்றால்தான் அச்சுக்குப் போகும்.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் கெங்குவார்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன அணையில் லஸ்கர். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிறவன். அணை பெரிதல்ல. பூங்கா உண்டு, சறுக்குமரம் உண்டு, அன்னம் மாதிரி செய்த மிதிபடகு நான்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கார்கள் வரும், மீன் வறுவல் மணம் பாதி மலை வரைக்கும் ஏறும். வருகிறவர்களில் நாலு பேராவது என்னிடம் வந்து, "அண்ணே, ஷட்டரக் கொஞ்சம் தொறந்து விடுங்க, போட்டோ எடுத்துட்டு மூடிக்கலாம்" என்று கேட்பார்கள். குழாயைத் திறக்கச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்கள். திறப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சைரன். அதை நாங்கள் சங்கு என்போம். விட்டு விட்டு மூன்று முறை நீளமாக ஊத வேண்டும். அதன் பிறகு ஒரு ஆள் ஆற்றங்கரை வழியாக இறங்கிப் போய், குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மேலே ஏறிவிட்டார்களா என்று கண்ணால் பார்த்து வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஷட்டரில் கை வைக்க வேண்டும். இந்த வேலையில் படிப்பு என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான். இதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கியது அது. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அணைக்குக் கீழே மொட்டைப் பாறையில்தான் கிடப்பாய். பாறைக்கு இரண்டு பக்கமும் ஆறு பிரிந்து ஓடும், முழங்கால் தண்ணீர். மத்தியானம் உன்னைச் சோற்றுக்குக் கூப்பிட அம்மா குவார்ட்டர்ஸிலிருந்து இறங்கி நடந்து, கத்தி, ஏறி வருவதற்குள் குழம்பு ஆறிவிடும். ஒருநாள் அவள் அலுத்துப்போய், "அந்தச் சங்க ஒரு அமுக்கு அமுக்குனா என்ன? கொறஞ்சா போயிரும்?" என்றாள். "அது கவர்மெண்டு சங்கு, உம் மகனச் சோத்துக்குக் கூப்பிட இல்ல" என்று பெரிய நியாயஸ்தன் மாதிரிச் சொல்லிவிட்டு, கேபினுக்குப் போய் அமுக்கினேன். ஒரே ஒரு முறை, குட்டையாக. ஐந்து நிமிஷத்தில் நீ தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றாய். "அப்பா, என்னையவா கூப்பிட்டீக, சங்குல?" என்று கேட்டாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் அதற்குப் பிறகு நீ வேலைக்குச் சேர்ந்த அன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கும் பெருமைதான். எந்த அப்பனால் மகனை அப்படி மலையே கேட்கும்படி கூப்பிட முடியும்?

அப்படியே வழக்கமாகிவிட்டது. மூன்று நீளச் சங்கு என்றால் தண்ணீர் வருகிறது, ஒற்றைக் குட்டைச் சங்கு என்றால் மணிக்குச் சோறு. கரையில் ஆடு மேய்க்கிற பேச்சியம்மாகூட, "லஸ்கர் வீட்டுல சோறாகிருச்சு" என்று தூக்குவாளியைத் திறக்கப் பழகிவிட்டாள். ஏழு வருடம் ஆற்றங்கரை முழுவதும் என் சங்கில் சாப்பிட்டது. யாரும் தப்பு என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். தண்ணீருக்குப் பயந்து ஓட வேண்டிய சத்தத்தைக் கேட்டு அந்தக் கரை ஜனம் நிம்மதியாகக் கையைக் கழுவ நான் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நீ எட்டாம் வகுப்பு. ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கீழே பளீரென்று வெயில், மேலே மலையில் மட்டும் மழை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. ஒரு ஷட்டரை அரை அடி தூக்கச் சொல்லி எஞ்சினியர் போனில் சொன்னார். கேபினுக்கு ஓடிப் போய்ச் சங்கை அமுக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. சங்கு ஒரு உறுமல் உறுமி நின்றுவிட்டது. ஒரே முறை, குட்டையாக. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கிளப்பக் கால் மணி நேரமாகும். கூட வேலை பார்க்கிறவர் லீவு. நானாவது இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகப் பத்து நிமிஷம் ஆகும். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துப் பதறினேன். காலையில் வீட்டு வாசலில் உன் செருப்பைப் பார்த்திருந்தேன். நீ வீட்டில்தான் இருக்கிறாய் என்று மனசில் பதிந்திருந்தது. நீ இல்லை என்றால் பாறையில் யாரும் இல்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். வெறுங்காலோடு போகிற பிள்ளை நீ என்பதைப் பெற்ற அப்பன் மறந்துவிட்டேன். கைப்பிடியைச் சுற்றி ஷட்டரைத் தூக்கினேன்.

நீயும் ஷாகுலும் மொட்டைப் பாறையில் இருந்தீர்கள். அவனுடைய அப்பா, அவன் கூப்பிடுகிறபடி சொன்னால் அத்தா, உத்தமபாளையத்திலிருந்து வந்து பூங்கா வாசலில் மீன் வறுவல் கடை போட்டிருந்தார், உனக்கு அந்தக் கடை இன்னொரு வீடு. பேச்சியம்மாவின் கூப்பாடு கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். அந்த ஷட்டரை நான் மூடிய வேகத்தில் என் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை. மூடியும் தண்ணீர் வடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உன் நெற்றியில் வெட்டு. ஷாகுலின் கால் பாறை இடுக்கில் சிக்கி இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிர் தப்பியது. கால்தான் பழையபடி வரவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. பூங்காவில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு எஞ்சினியர் உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர்கள், கடைக்காரர்கள், ஷாகுலின் அத்தா எல்லாரும் நின்றார்கள். ஷாகுல் ஆஸ்பத்திரியில் இருந்தான். "எத்தன தடவ ஊதுனே?" என்று என்னைக் கேட்டார். "மூணு தடவ சார்" என்றேன். முன்கூட்டியே யோசித்து வைத்த பொய் இல்லை அது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்து உன்னைக் கூப்பிட்டார். நெற்றியில் கட்டோடு வந்து நின்றாய். "தம்பி, பயப்படாமச் சொல்லு. சங்கு எத்தன தடவ கேட்டுச்சு?" நீ எஞ்சினியரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு அது இன்னும் முடியவில்லை. பிறகு, "மூணு சார்" என்றாய். "கேட்டும் ஏன் ஏறல?" "வெளையாட்டுல இருந்துட்டேன் சார்." கூட்டத்தில் யாரோ, "லஸ்கர் மகனே இப்படி இருந்தா மத்தவுக புள்ள என்னத்துக்கு ஆகும்" என்றார்கள். ஷாகுலின் அத்தா உன்னைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், குவார்ட்டர்ஸ் போய்விடும், உன் படிப்பு போய்விடும் என்றெல்லாம் எனக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உனக்காகத்தானாம். பதிமூன்று வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன் மணி. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அப்பன் தொண்டை கிழியச் சங்கு ஊதியும் ஏறாதவன், இன்னொரு பிள்ளையையும் ஏறவிடாமல் வைத்துக் காலை முறித்தவன். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள். உன் அம்மாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நான் ஷட்டரைத் தூக்கிய அன்றைக்கு அவள் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். விசாரணை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "எங் கிரைண்டர் நின்ன பெறகு உங்க சங்கு மட்டும் எப்படி மூணு தடவ ஊதுச்சு?" என்று கேட்டாள். பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை, தட்டில் சோறு மட்டும் வந்தது. பதினோராம் நாள் பேசினாள், ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்காக அவளும் வாயை மூடிக்கொண்டாள். உங்கள் இருவரையும் நான்தான் அப்படி ஆக்கினேன்.

அதற்குப் பிறகு அந்த ஒற்றைச் சங்கை நான் ஊதவே இல்லை. ஊத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கூப்பிடுவதற்கு முன்பே நீ வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பாய், சோறு வேகாவிட்டாலும் உட்கார்ந்திருப்பாய். என்ன ஒழுக்கமான பிள்ளை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தத் தட்டின் எதிரில் உட்காரவே முடியாது. நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர வேண்டும் என்றபோது நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நல்ல அப்பன் என்றார்கள். நீ கண்ணெதிரில் இல்லாவிட்டால் எனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை. லேசாக இல்லை. தீபாவளிக்கு நீ காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவாய். பூங்கா வாசலைத் தாண்டி ஒருநாளும் அணைப்பக்கம் வந்ததில்லை. நீ போன பிறகு நான் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீ குடித்துவிட்டு, தண்ணீர் எத்தனை படி என்று பார்க்கப் போவேன்.

சித்திரையில், நிச்சயத்துக்கு முன்னால், ரம்யாவின் தாய்மாமன் போடியிலிருந்து தனியாக வந்திருந்தார். ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறவர், எதையும் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார் போலிருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர் முதலில் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். பிறகு என்னிடம் வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, கொய்யாக்காய் ஒன்றை வாங்கிப் பாதியை எனக்குக் கொடுத்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. பையன் சின்ன வயசுல ஒரு விபரீதம் பண்ணிட்டதாச் சொல்றாக. பொண்ணு குடுக்கிறவுக, கேட்டுத்தான ஆகணும்" என்றார். என் வாயில் "சின்னப் பையன், வெளையாட்டுப் புத்தி" என்ற பதில் தயாராக இருந்தது. பதினாறு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். எப்படியோ அது வரவில்லை. கரண்ட் போனதிலிருந்து நீ என்னைப் பார்த்தது வரைக்கும் அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் கொட்டிவிட்டேன். அவர் கொய்யாக்காயைக் கையில் வைத்தபடியே கேட்டார். கடைசியில், "பொண்ணு குடுக்க எங்களுக்குத் தடையில்லண்ணே. இப்பிடிப்பட்ட பையனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்க. ஆனா இத உங்க மகன்ட்டச் சொன்னீகளா?" என்று கேட்டார். "அவனுக்குத் தெரியும்" என்றேன். "அவருக்குத் தெரியும்ண்ணே. நீங்க சொன்னீகளான்னு கேட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் உன்னிடம் படிக்கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் பார், என் தைரியத்தை. முந்தாநாள் உன் போன் வந்து, அம்மா அப்படிப் பார்த்த பிறகுதான் கால் தானாகப் படகுத்துறைக்குப் போயிற்று. ஷாகுல் ஐந்து வருடமாக அங்கே படகு விடுகிறான். தினமும் காலையில் "வாங்க மாமா" என்பான். நான் அவனிடமும் படிக்கணக்கைத்தான் சொல்லுவேன். அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு ஒரு சங்குதான்ப்பா ஊதுச்சு" என்றேன். அவன் லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப் போட்டுக்கொண்டே, "தெரியும் மாமா. நானும் அங்கனதான இருந்தேன்" என்றான். பிறகு, நான் கேட்காமலே, இதைச் சொன்னான். அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"தண்ணி சத்தம் கேட்டதும் மணி கரைக்குத் தாவிட்டான் மாமா. ஏறி நின்னுட்டான். என் கால்தான் சிக்கிக்கிருச்சு. 'போயிர்றா'ன்னு நாந்தான் கத்துனேன். அவன் திரும்பிக் குதிச்சு வந்தான். என் தலைய மேல பிடிச்சுக்கிட்டே நின்னான், தண்ணி வடியிற வரைக்கும். கல்லு அடிச்சு நெத்தி கிழிஞ்சது அப்பத்தான். அவன் விட்டிருந்தான்னா இந்நேரம் இங்கன யாரு படகு விடுறது?"

"இத ஏண்டா யார்ட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"எங்க அத்தாட்டச் சொன்னேன். கடைசி வரைக்கும் மனசு வருத்தப்பட்டாக. வேற யாரு மாமா கேட்டாக? நான் ஆஸ்பத்திரில இருந்து வரும்போது எல்லாம் பேசி முடிஞ்சிருச்சு. மணிதான், எங்கப்பாவுக்கு வேல போயிரும்டா, விட்ருன்னான். விட்டுட்டேன்."

நீ கரை ஏறிவிட்டுத் திரும்பிக் குதித்தாய் என்பது பதினாறு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது மணி. ஏறாதவன் என்று ஊர் பேசியது. ஏறி நின்றவன் நீ. ஒரு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றினாய், மூன்றாம் நாள் அப்பனையும் காப்பாற்றினாய், இரண்டையும் யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாய். உன்னைப் போல ஒருவனை நானும் உன் அம்மாவும் பெற்றிருக்கிறோம். படகுத்துறையில் உட்கார்ந்து அழுதேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம், பெரியவருக்குப் படகுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கும்.

நேற்று ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். புதிதாக வந்திருக்கிற எஞ்சினியருக்கு உன் வயதுதான் இருக்கும். இரண்டு தடவை படித்துவிட்டு, "அந்தப் பழைய ஃபைல் எங்க இருக்குன்னே தெரியலையே. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப் போறீங்க, இப்ப எதுக்குப் பெரியவரே?" என்றார். "நீங்க வேலையில இருக்கும்போதே வாங்கிக்கிட்டா நல்லது சார்" என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். என்ன ஆகும் என்று தெரியாது, ஆகட்டும். ஆபீஸுக்குச் சொல்லியாயிற்று, உனக்கும் சொல்லியாயிற்று, இனி ஊருக்குச் சொல்ல வேண்டும். வேப்பமரத்தடியில் அத்தனை பேர் முன்னால் உன் மேல் பழி விழுந்தது. அதைத் தனியாக ஒரு அறையில் துடைத்துவிட முடியாது. அதனால்தான் மடலின் நடுப்பக்கம் கேட்கிறேன். கல்யாணத்தில் அப்பன் இப்படியா எழுதுவான் என்று நாலு பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், சாப்பாடு நன்றாக இருந்தால் சரியாகிவிடுவார்கள்.

கல்யாணப் பிள்ளைக்கு அப்பன் புத்திமதி சொல்ல வேண்டுமாம். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் தப்பிலிருந்து பொறுக்கியதை மட்டும் தருகிறேன். உனக்குக் கோபம் வரும். உன் அம்மா வீட்டு ரத்தம், வராமல் இருக்காது. வந்தால் உடனே ஷட்டரைத் தூக்கிவிடாதே, இறங்கிப் போய்க் கீழே அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்று முதலில் பார். வாசலில் செருப்பு கிடக்கிறது என்று நீயாக எதையும் முடிவு செய்யாதே, கேள். ஷாகுலை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் பதினாறு வருடம் வேறு மாதிரி இருந்திருக்கும். உனக்காக ரம்யா ஒருநாளும் பொய் சொல்லும்படி வைத்துவிடாதே. பிரியமாக இருக்கிறவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. நீயும் இனி யாருக்காகவும் அப்படிச் சுமக்காதே, அது அப்பனாக இருந்தாலும் சரி. என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் வந்து நேரிலேயே திட்டு. "சரிப்பா" என்று மட்டும் சொல்லாதே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

இந்த குவார்ட்டர்ஸை அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். உன் கல்யாணத்துக்கும் அதற்கும் நடுவில் பதினெட்டு நாள் இருக்கிறது. அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டாள், காலி செய்யப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று கேட்டதற்கு முறைத்தாள். வாசலில் தேங்காய் நார் மிதியடி ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறாள். மொட்டைப் பாறை அப்படியே இருக்கிறது. ஷாகுல் அன்னப் படகு ஒன்றை யாருக்கும் தராமல் நிறுத்தி வைப்பானாம், மிதிக்க அவனுக்குக் கால் வராது, நீயும் ரம்யாவும்தான் மிதிக்க வேண்டுமாம். சங்கை இப்போது மாற்றிவிட்டார்கள். பேட்டரியில் ஓடுகிறது, பொத்தானை ஒரு தடவை தட்டினால் போதும், மூன்று முறை தானே நீளமாக ஊதிவிட்டுத்தான் நிற்கும். குட்டையாக ஒன்று மட்டும் ஊத அதற்குத் தெரியாது. அதுதான் சரி.

அதனால்தான் இதைக் கையால் எழுத வேண்டியிருக்கிறது மணி. அப்பா கூப்பிடுகிறேன். ரம்யாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வா, சாப்பிட.

அப்பா